கைட்சர்ஃபிங்: பயிற்சிக்குப் போவதா, நம் கரையிலேயே தானாகப் பழகுவதா?

காற்றில் பறக்கும் பெரிய பட்டத்தின் இழுப்பில், பலகையின் மேல் நின்று கடலில் ஓடும் விளையாட்டுதான் கைட்சர்ஃபிங். நாகர்கோவிலிலோ குளச்சலிலோ வசித்துக்கொண்டு அதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர், எந்தப் பட்டத்தை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன் யாரிடம் கற்பது என்பதை முடிவு செய்துவிட வேண்டும். பழைய பட்டம் ஒன்றை வாங்கி, யூடியூப் காணொளிகளைப் பார்த்து, வீட்டுக்கு அருகிலுள்ள கடற்கரையிலேயே தானாகப் பழகலாம். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்த நண்பரை உடன் வைத்துக்கொண்டு கற்கலாம். தூத்துக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போய், கட்டணம் கட்டி, பயிற்சியாளரிடம் முறையாகவும் கற்கலாம். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதல்முறையாகப் பதக்கப் போட்டியாக இடம்பெற்ற பிறகு நம் பக்கத்து இளைஞர்கள் சிலர் இதைப் பற்றி என்னிடம் கேட்கத் தொடங்கியிருப்பதால், இந்த வழிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கடலில் இறங்கும் பகுதியைப் பயிற்சியாளர் இல்லாமல் கற்கக் கூடாது, அதிலும் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் கற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களில் பாதி பட்டத்தைச் சார்ந்தவை, மீதிப் பாதி நம் கரையைச் சார்ந்தவை.

பட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். முன்விளிம்பில் காற்று அடைத்த, 7 முதல் 12 சதுர மீட்டர் வரை பரப்புள்ள துணிப் பட்டம் ஒன்று, 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள நான்கு அல்லது ஐந்து கயிறுகளால் ஒரு பிடிகம்போடு இணைக்கப்பட்டிருக்கும். அந்தக் கம்பு, ஓட்டுபவர் இடுப்பில் கட்டியிருக்கும் ஹார்னஸின் கொக்கியில் மாட்டப்பட்டிருக்கும். அதாவது பட்டம் இழுப்பது கையை அல்ல, முழு உடலையும். கம்பை உடலை நோக்கி இழுத்தால் இழுவிசை கூடும். தளர்த்தி விட்டால் குறையும். காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை இரு மடங்காவதோடு நிற்காமல் நான்கு மடங்காகும். மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது 12 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) காற்றில், சாதுவாக நிற்கிற அதே பட்டம், 24 நாட் வீச்சு ஒன்று வந்தவுடன் ஆளையே தூக்கிவிடக் கூடியதாக மாறுகிறது. அது போதாதென்று, பட்டம் ஒரே இடத்தில் நிற்கும்போது இழுக்கும் விசை வேறு, வானத்தைக் குறுக்காக வெட்டிப் பாயும்போது இழுக்கும் விசை வேறு. தலைக்கு மேலேயும் காற்றுப் பரப்பின் (பட்டம் பறக்கக்கூடிய வெளியின்) ஓரங்களிலும் அமைதியாக இருக்கும் பட்டம், ஓட்டுபவருக்கு நேர் முன்னே தாழ்ந்து பாயும்போதுதான் முழு பலத்தையும் காட்டும். இதையெல்லாம் படித்தே தெரிந்துகொள்ளலாம், காணொளியிலும் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே தானாகப் பழகுகிறவரிடம் அறிவு குறைவு என்று நான் சொல்லவில்லை. அவருடைய சிக்கல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதல் சிக்கல் நம் கரையின் திசை. தொடக்க நிலையில் இருப்பவருக்குக் கரைக்கு இணையாகவோ, இணையாக வந்து சற்றே கரையை நோக்கிச் சாய்ந்தோ வீசும் காற்றுதான் ஏற்றது, ஏனென்றால் எந்தத் தவறு செய்தாலும் அந்தக் காற்று அவரை மீண்டும் மணலில் கொண்டு சேர்த்துவிடும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில், நன்றாகத் தேர்ந்தவர்கள்கூடப் படகுத் துணையின்றி இறங்குவதில்லை. இந்த ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு நம் மாவட்டத்தை ஒரு சுற்றுப் பாருங்கள். நீரோடியிலிருந்து தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம், சங்குத்துறை, சொத்தவிளை வழியாகக் கன்னியாகுமரி வரை நீளும் மேற்குக் கரை, ஏறக்குறையத் தென்மேற்கைப் பார்த்திருக்கிறது. குமரிமுனையைத் தாண்டியவுடன் கரை வடகிழக்காகத் திரும்பி, சின்னமுட்டம், லீபுரம், வட்டக்கோட்டை என்று தென்கிழக்கைப் பார்த்திருக்கிறது. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அது ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு வேகம் பெறுவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காலத்தில் சொத்தவிளையிலோ முட்டத்திலோ காற்றின் திசை கைட்சர்ஃபிங்குக்கு ஓரளவு பொருந்தித்தான் இருக்கும், ஆனால் கடல் இடம் தராது. கரையை ஒட்டியே உடைகிற அந்தக் கனத்த அலைகளில், பலகையைக் காலில் மாட்டுவதற்கே தடுமாறும் ஒருவர் கயிறுகளோடு சேர்ந்து சுருட்டி எறியப்படுவார். அதே நாட்களில் வட்டக்கோட்டைப் பக்கம் போனால், கடல் குளம் போலத் தோன்றும். கடலைப் பார்த்து ஏமாந்துபோய் அங்கே இறங்குகிறவர் கவனிக்கத் தவறுவது, காற்று மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வந்து அவரை நேராகக் கடலுக்குள் தள்ளும் என்பதைத்தான். தென்னந்தோப்புகளையும் கட்டடங்களையும் தாண்டி வருவதால் அந்தக் காற்று சீராகவும் இராது. ஒரு நிமிடம் ஓய்ந்து, அடுத்த நிமிடம் அறையும்.

மார்கழி, தை மாதங்களில் இது அப்படியே தலைகீழாகிறது. மேற்குக் கரையில் அலை தணிந்து, கடல் பார்ப்பதற்கு அழைப்பது போலவே இருக்கும். ஆனால் வாடைக்காற்று அப்போது நிலத்திலிருந்து, அதே கணவாய் வழியாகவும், கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரிக் காலையில், ராஜாக்கமங்கலம் துறைக்கு அருகில் நானும் என் சித்தப்பா மகனும் பட்டத்தை விரித்துக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, சிறிது நேரம் பட்டத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மக்கா, காத்து கரையிலேருந்துல்லா போவுது. போனியன்னா எப்பிடித் திரும்பி வருவ?” என்று கேட்டார். நாங்கள் இருவரும் பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம். இரண்டு வாரம் காணொளி பார்த்துத் தயாரான எங்களுக்கு, கரைக்காற்று அபாயம் என்பது படித்த செய்தியாக இருந்ததே தவிர, எங்கள் முதுகில் அப்போது பட்டுக்கொண்டிருந்ததுதான் அது என்று உறைக்கவில்லை. பட்டத்தின் காற்றை இறக்கிவிட்டு வீடு திரும்பினோம்.

கரையைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். ஓட்டுபவருக்குக் காற்று போகும் திசையில் குறைந்தது 100 மீட்டராவது வெற்றிடமாக இருக்கவேண்டும். நம் மேற்குக் கரையிலோ கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைச் சுவர்களும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும், கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களும் இல்லாத நீளமான மணற்பரப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மணக்குடிக் காயலின் தட்டையான தண்ணீரைப் பார்த்துப் பலர் அங்கே பழகலாமே என்கிறார்கள். அங்கே பாலம் இருக்கிறது, மீனவர்களின் வலைகள் இருக்கின்றன, அலையாத்திச் செடிகள் இருக்கின்றன, மேலும் அந்தக் காயல் நீர்ப்பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதி. 20 மீட்டர் கயிற்றில் பட்டம் ஏற்றுவதற்கு அது எந்த வகையிலும் பொருத்தமான இடம் அல்ல. இரண்டாவது செய்தி கள்ளக்கடல். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த புயலின் அலைகள் பல நாட்கள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையில் ஏறுகின்றன. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் இது நிகழ்கிறது. 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படித்தான் உயிரிழந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்) நிறுவனம் கள்ளக்கடல் எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. காற்று முன்னறிவிப்புச் செயலியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர் அதைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது சிக்கல் மனித உடலின் இயல்பு. பயந்தவுடன் நம் கை எதைப் பிடித்திருக்கிறதோ அதை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், நெஞ்சோடு சேர்த்து அணைக்கும். கைட்சர்ஃபிங்கில் அந்தச் செயல் பட்டத்தின் விசையைக் கூட்டுகிறது. செய்யவேண்டியது அதற்கு நேர் எதிரானது: கம்பை விட்டுவிட வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால், நெஞ்சுக்கு நேரே இருக்கும் குயிக் ரிலீஸ் பிடியைத் தள்ளவேண்டும். பட்டம் ஒற்றைக் கயிற்றில் தொங்கி விசையை இழந்துவிடும். அதற்குப் பிறகும் இழுத்தால், லீஷ் எனப்படும் கடைசிக் கயிற்றையும் கழற்றிப் பட்டத்தையே விட்டுவிட வேண்டும். மூன்று படிகள்தான், ஒரு தாளில் எழுதிவிடலாம்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் நாங்கள் மறுபடியும் முயன்றோம். காற்று கடலிலிருந்து வந்தது, திசை சரி என்று மகிழ்ந்தோம். 12 சதுர மீட்டர் பட்டத்தை நான் பிடித்துக்கொண்டு நிற்க, தம்பி கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதும் விட்டேன். பின்கயிறுகள் இரண்டும் இடம் மாறிக் கோக்கப்பட்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. இடப்பக்கம் திருப்ப அவன் கம்பை இழுத்தான், பட்டம் வலப்பக்கம் பாய்ந்தது. பதறிப்போய் இன்னும் இழுத்தான், அது இன்னும் வேகமாகத் திரும்பி அவனுக்கு நேர் முன்னே தாழ்ந்து இறங்கியது. கம்பை நெஞ்சோடு கட்டிக்கொண்டபடியே மணலில் பதினைந்து மீட்டர் இழுபட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் விளிம்பில் தோள் மோதி விழுந்தான். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவன் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “அந்தச் சிவப்புப் பிடி என் கண்ணுக்கு முன்னாடிதான் இருந்தது அண்ணா. ஞாபகத்துக்கே வரல.” அதை எப்படித் தள்ளுவது என்ற காணொளியை அவன் பத்து முறையாவது பார்த்திருப்பான். கையில் பழக்கமாக ஏறாத எந்தப் பாதுகாப்பும் அந்த இரண்டு விநாடியில் உதவாது என்பதை நான் அன்றைக்குத்தான் ஏற்றுக்கொண்டேன். பயிற்சியாளர் ஒருவர் முதல் நாளில் செய்வதே, பட்டம் மேலே ஏறுவதற்கு முன் மாணவரை அந்தப் பிடியைத் திரும்பத் திரும்பத் தள்ள வைத்து மறுபடி கோக்க வைப்பதும், கயிறுகளை அவர் கையாலேயே பிரித்து, வரிசை சரியா என்று நடந்து பார்க்க வைப்பதும்தான்.

நண்பரிடம் கற்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனியாகப் பழகுவதைவிட அது மேல். என்றாலும் நன்றாக ஓட்டும் நண்பர் தான் தொடக்கத்தில் எங்கே தடுமாறினார் என்பதை மறந்திருப்பார், தன் எடைக்கும் திறனுக்கும் ஏற்ற பெரிய பட்டத்தையே கொடுப்பார், நீங்கள் கடலில் தத்தளிக்கும்போது உங்களை எடுக்க அவரிடம் படகும் இராது. அடிப்படைகளை முடித்த பிறகு அவரைப் போன்ற துணை வேறு இல்லை. அதுவரை அவரைப் பட்டம் பிடித்துக் கொடுப்பவராகவும் இறக்குபவராகவும் வைத்துக்கொள்வதே நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, பயிற்சிக் கட்டணம் மிச்சம் என்று எண்ணித்தான் பெரும்பாலானோர் தனிவழியைத் தேர்கிறார்கள். பட்டம், பிடிகம்பு, ஹார்னஸ், பலகை, பம்ப் எல்லாம் சேர்ந்த பழைய செட் ஒன்றின் விலை, பெரும்பாலும் முழுப் பயிற்சிக் கட்டணத்தைவிட அதிகமாகவே இருக்கும். அதுவும் எதைப் பார்த்து வாங்குவது என்று தெரியாத நேரத்தில் வாங்குகிறோம். பிரான்ஸ் நாட்டின் லெகைன்யூ சகோதரர்கள் 1984-இல் காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள் என்றாலும், கம்பைத் தளர்த்தியவுடன் விசை ஏறக்குறைய முழுவதும் அடங்கும் வடிவங்கள் 2005-ஆம் ஆண்டையொட்டித்தான் பரவின. அதற்கு முந்திய பட்டம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடக்க நிலையினர் தொடக்கூடாது. குயிக் ரிலீஸுக்கான ஐஎஸ்ஓ தரநிர்ணயம் 2020-இல் வந்தது. பழைய பிடிகம்புகளில் உப்பும் மணலும் இறுகி, அழுத்தினாலும் கழலாத பிடிகளை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வெயிலில் காய்ந்த துணி, பசை விட்ட வால்வு, ஒன்றுக்கொன்று நீளம் மாறிப்போன கயிறுகள் ஆகியவை உள்ள பட்டம் சரியாகப் பறக்காதபோது, தவறு தன்னுடையதா பட்டத்தினுடையதா என்று புதியவருக்குத் தெரியாது. எங்கள் பட்டம் அந்த ஜூன் மாத விபத்தில் கிழிந்தது, அதைத் தைத்து ஒட்டிய செலவையும் எலும்பு முறிவுச் செலவையும் கூட்டினால் இரண்டு பேர் முழுப் பயிற்சி முடித்திருக்கலாம்.

இனிப் பயிற்சிப் பள்ளி. நாகர்கோவிலிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 130 கிலோமீட்டர், ராமேஸ்வரம் சுமார் 300 கிலோமீட்டர். இரண்டு இடங்களிலும் கைட்சர்ஃபிங் கற்றுத் தருகிறார்கள். ராமேஸ்வரத்தின் சிறப்பு, ஒடுங்கி நீண்ட அந்தத் தீவின் ஒரு பக்கம் பாக் விரிகுடாவும் மறுபக்கம் மன்னார் வளைகுடாவும் இருப்பது. தென்மேற்குக் காற்றுக் காலத்திலும் வாடைக் காலத்திலும் ஏதாவது ஒரு பக்கம் பொருத்தமாக அமைந்துவிடுகிறது. கரையோரத்தில் இடுப்பளவு ஆழத்திலேயே வெகுதூரம் போகிற, அலை குறைந்த தண்ணீரும் அங்கே உண்டு. விழுந்தால் எழுந்து நிற்கலாம் என்ற ஒரே வசதி கற்கும் வேகத்தைப் பல மடங்கு கூட்டிவிடும். நம் மேற்குக் கரையில் இதற்கு ஈடான இடம் இல்லை. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளில் இறங்கக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகளும் அங்குள்ள பயிற்சியாளர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அடிப்படைப் பயிற்சி பொதுவாக 9 முதல் 12 மணி நேரம் எடுக்கும். அதில் பலகையின் மேல் எழுந்து நிற்பதைத்தான் எல்லோரும் கற்றலின் உச்சமாக எண்ணுகிறார்கள். நான் காசு கொடுப்பதானால் வேறு இரண்டுக்குத்தான் கொடுப்பேன். ஒன்று, பலகை இல்லாமல், பட்டத்தின் இழுப்பில் உடலைச் சாய்த்துத் தண்ணீரில் காற்றுக்கு எதிர்க்கோணத்தில் நகர்வது. விலகிப் போன பலகையை எட்டிப் பிடிக்கவும் கரை சேரவும் அதுதான் வழி. மற்றொன்று, பட்டம் பறக்க மறுத்து ஆழத்தில் மாட்டிக்கொண்டால், கயிறுகளைக் கை விரலில் சுற்றிக்கொள்ளாமல் பிடிகம்பில் முறையாகச் சுற்றிச் சுருக்கிக்கொண்டே பட்டத்தை அடைந்து, அதையே மிதவையாகவும் பாயாகவும் பிடித்துக் கரைக்கு வருவது. தானாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் கற்காமல் விடுவது இந்த இரண்டையும்தான், ஏனென்றால் இவற்றில் பார்ப்பதற்கு எந்த அழகும் இல்லை.

பள்ளிகளிலும் குறை உண்டு. காற்று வராத நாட்களில் அறை வாடகை கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே மூன்று நாள் விடுப்போடு போகக் கூடாது, ஒரு வாரமாவது ஒதுக்க வேண்டும். ஒரே பட்டத்தை நான்கு பேர் மாற்றி மாற்றிப் பிடித்தால், கட்டிய மணி நேரத்தில் முக்கால் பங்கு கரையில் உட்கார்ந்தே கழியும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர், மீட்புப் படகு தயாராக நிற்குமா, தலைக்கவசமும் மிதவை அங்கியும் கொடுப்பார்களா, பயிற்சியாளர் சர்வதேச கைட்போர்டிங் அமைப்பு போன்ற ஒன்றில் சான்று பெற்றவரா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழுக்கப் பள்ளியையே நம்பவேண்டும் என்பதும் இல்லை, ஒரு பகுதியை வீட்டருகே தானாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும் என்பேன். 2 சதுர மீட்டர் அளவிலான சிறிய பயிற்சிப் பட்டம் ஒன்றை, பலமில்லாத காற்றில், சங்குத்துறை மணலில் ஆள் நடமாட்டம் இல்லாத காலை நேரத்தில் ஹார்னஸ் இல்லாமல் கைப்பிடியில் மட்டும் பிடித்துப் பழகினால், கம்பை எந்தப் பக்கம் இழுத்தால் பட்டம் எந்தப் பக்கம் போகும் என்பது யோசனையின்றி வரத் தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டு பட்டத்தைத் தலைக்கு மேல் நிறுத்தத் தெரிந்த பிறகு பள்ளிக்குப் போனால், முதல் இரண்டு மூன்று மணி நேரக் கட்டணம் தண்ணீரில் பயன்படும். அந்தச் சிறு பட்டம் கைவிட்டால் கீழே விழுந்துவிடும், ஆளை இழுத்துப் போகாது. தானாகக் கற்பதற்கு உகந்த எல்லை அதுதான்.

கடலோர ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் இதை வேறு மாதிரி கேட்கிறார்கள்: “நாங்க கடல்லயே பொறந்து வளந்தவங்க, எங்களுக்கும் பயிற்சி வேணுமா?” அவர்களுடைய தகுதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நீரோட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லவும், அலை உடையும் வரிசையை எண்ணி இடைவெளியில் புகவும் எந்தப் பயிற்சியாளரைவிடவும் அவர்களுக்குத் தெரியும். பாய் கட்டிக் கட்டுமரம் ஓட்டிய தாத்தாக்கள் காற்றை எதிர்த்துக் கோணலாக ஓடிக் கரை பிடித்த கணக்கும் இதில் அப்படியே பொருந்துகிறது. அவர்களுக்கு 12 மணி நேரம் தேவைப்படாது, பாதியிலேயே முடித்துவிடுவார்கள். ஆனால் பாய் மரத்தில் கட்டியிருந்தது, இது உங்கள் இடுப்பில் கட்டியிருக்கிறது. அந்த ஒரு வேறுபாட்டுக்கான பாதிப் பயிற்சியாவது அவர்களுக்கும் வேண்டும்.

பயிற்சி முடித்துத் திரும்பியவர் நம் கரையில் எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கிழக்குப் பக்கத்தைச் சொல்வேன். வாடைக்காற்று அங்கே கரைக்கு இணையாகவோ சற்றுக் கரை நோக்கியோ வரும். சின்னமுட்டம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரிலிருந்தும் பாறைத் திட்டுகளிலிருந்தும் நன்றாக விலகி, காற்று போகும் பக்கம் வெறும் மணலாக உள்ள இடத்தை முந்தின நாளே நடந்து பார்த்து வையுங்கள். 12 முதல் 18 நாட் காற்று போதும். ஓட்டத் தெரிந்த ஒருவர் கரையில் நிற்கட்டும். அந்தத் துறையில் ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒருவரிடம் எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் ஏறிவிடுவீர்கள் என்று சொல்லி, அவருடைய அலைபேசி எண்ணை வாங்கி, அதைக் கரையில் நிற்பவரின் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.